குட்டைக் கரைக் கதவைப் பூட்டாதீர்கள்: எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களான பெற்றோர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

சென்ற கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தைப் பற்றி எழுதுகிறேன். பள்ளியின் பின்பக்கக் கதவை நிரந்தரமாகப் பூட்டுவது என்றும், வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் குட்டைக் கரைக்குப் போய்வந்த வழக்கத்தை நிறுத்துவது என்றும், பின்புறத்துக் கிளுவை வேலியை எடுத்துவிட்டு மதில் எழுப்பி, வேலியோரத்துப் பனைகள் இரண்டையும் அரப்பு மரத்தையும் வெட்டி, அவ்விடம் முழுவதும் பேவர் பிளாக் பதிப்பது என்றும் அதில் உள்ளது. அந்தப் பாடவேளை இனித் திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) வகுப்புக்குப் போகும். ஈடாக, ஆண்டுக்கு ஒருமுறை கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் பேருந்தில் சுற்றுலா. கரையில் பிள்ளைகள் ஒரு சாரைப்பாம்பைப் பார்த்ததும், அதைக் கேள்விப்பட்டுப் பெற்றோர் சிலர் பதறியதுமே காரணம் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறீர்கள்.

இத்தீர்மானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை நடையைத் தொடங்கி வைத்த அறிவியல் ஆசிரியை மாறுதலாகிப் போன பிறகு, அவருக்குப் பின் வந்த ஆசிரியருக்குத் துணையாகப் பிள்ளைகளோடு நடந்தவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படி விதித்ததற்குக் காரணம், பிள்ளைகளின் நாள் எப்படிக் கழிகிறது என்று வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் பேச்சும் பள்ளிக்குள் எடுபட வேண்டும் என்பதுதான். அந்த உரிமையோடு, வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் கண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் குட்டையைப் பற்றி. அவிநாசிக்கும் அன்னூருக்கும் இடையே உள்ள நம் பக்கத்தில், நாம் சிறுவயதாக இருந்தபோது குட்டை என்றால் மழை பெய்த சில வாரங்களுக்குத் தண்ணீரும் மீதி நாளெல்லாம் சீமைக்கருவேலும் நிற்கும் பள்ளம்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பட்டு, பவானியாற்றின் உபரிநீர் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே வரத் தொடங்கியது. நம் குட்டையிலும் நீர் நின்றது. நீர் நின்றதும் முக்குளிப்பான் வந்தது, நாமக்கோழி வந்தது, கார்த்திகையில் புள்ளிமூக்கு வாத்துகள் இணையிணையாக இறங்கின. கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளிடம், "குட்டைக்குத் தண்ணி வந்தாக் குருவிக்குச் சேதி போயிருமுங்க கண்ணு" என்று சொன்னார். ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022லும், திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024லும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. நம் குட்டை அவ்வளவு பெரியதன்று; ஆனால் அங்கே வரும் முக்குளிப்பானும் நாமக்கோழியும் இங்கேயும் வருகின்றன, அதுவும் பள்ளிக் கதவிலிருந்து கூப்பிடு தூரத்தில். மூன்று தலைமுறையாக இவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைத்திருக்கும் இந்த நேரத்தில்தான் கதவைப் பூட்டுகிறோம்.

ஆண்டுச் சுற்றுலா இதற்கு ஈடாகும் என்று தீர்மானம் கருதுகிறது. அது ஏன் ஈடாகாது என்பதை, ஓர் ஆண்டு முழுவதும் அந்தக் கரையில் என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் விளக்க முடியும். ஆகவே பள்ளி திறக்கும் ஆனி மாதத்திலிருந்து தொடங்குகிறேன்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து நம் வெள்ளாமைக் காடுகளின் புழுதியைக் கிளப்பும் காலம் அது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை நமக்குக் காற்றாகவும் எப்போதாவது தூறலாகவுமே வந்து சேர்கிறது. மழை மறைவுப் பகுதி என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை, மேற்கே கருத்துக் கிடக்கும் வானத்தையும் தங்கள் காலடியில் வெடித்துக் கிடக்கும் மண்ணையும் ஒருசேரப் பார்த்து நின்ற பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமலே புரிந்துகொண்டார்கள். அதே நாள்களில் வேப்பம்பழம் உதிரும். மைனாவும் காகமும் குயிலும் பழத்தைத் தின்று கொட்டையைப் போட்ட இடங்களில், வேலிக்கு அடியிலும் மின்கம்பிக்கு அடியிலும், வேப்பங்கன்றுகள் வரிசையாக நிற்பதை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் முதலில் கவனித்தாள். யாரும் நடாத வேம்பு ஏன் எப்போதும் வேலியோரமாகவே வளர்கிறது என்று அவள் கேட்டதும், பக்கத்தில் நின்ற பையன் தலையை நிமிர்த்திக் கம்பியில் உட்கார்ந்திருந்த காகத்தைக் காட்டினான். ஆசிரியர் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஆடியில், நோம்பிக்குத் தூரி கட்டும் நாள்களில், நீங்கள் வெட்டப்போகும் அந்த இரண்டு பனைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண் குருவி புல்லையும் சோளத் தோகையையும் நாராகக் கிழித்துக்கொண்டு வந்து பாதிவரை பின்னிவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துக் கூப்பிடும். பெட்டைகள் வந்து அந்தப் பாதிக்கூட்டைப் பார்த்துப் போகும். ஏதாவது ஒரு பெட்டைக்குப் பிடித்தால்தான் மீதியைப் பின்னி முடிக்கும். பிடிக்காவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பனைக்கு அடியில் நின்றுவிட்டுப் போகிற பிள்ளைக்கு இதில் எதுவும் தெரியாது. தொங்கும் கூடு ஒன்றைப் பார்த்தோம் என்பதோடு முடிந்துவிடும். அடுத்தடுத்த வாரங்களில் அதே பனைக்கு அடியில் நின்ற பிள்ளைகள்தாம், போன வாரம் தலைக்கவசம் மாதிரி இருந்த கூடு இந்த வாரம் அப்படியே கிடக்கிறது, அதற்குப் பக்கத்துக் கூட்டுக்கு மட்டும் நீண்ட வாசல் வந்துவிட்டது என்று கண்டார்கள். பெரும்பாலான கூடுகள் பனையின் கிழக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன என்பதை ஏழாம் வகுப்பு மாணவர்கள் நோட்டில் படம் வரைந்து குறித்திருந்தார்கள். மேற்கிலிருந்து வரும் காற்று படாத பக்கம் அது என்று மறுவாரம் அவர்களே எழுதினார்கள். நாம் வீடு கட்டும்போது காற்றுக்கும் மழைக்கும் வாசலைப் பார்த்து வைக்கிறோம். அந்தக் கணக்கு ஒரு குருவிக்கும் தெரியும் என்பதைத் திரையில் ஓடும் படத்திலிருந்து ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்குமா என்று நீங்களே சொல்லுங்கள்.

புரட்டாசியில் தட்டான்கள் குட்டைக்கு மேலே கூட்டமாகத் திரியும். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்ற பேச்சு உண்மைதானா என்று பார்க்க, பிள்ளைகள் பழைய தண்ணீர் பாட்டிலை வெட்டி மழைமானி செய்து வேலியில் கட்டி, தட்டான் தாழ்ந்த நாளையும் மழை பெய்த நாளையும் தனித்தனியே குறித்து வந்தார்கள். சில நாள் பேச்சு பலித்தது. சில நாள் பலிக்கவில்லை. இரண்டையும் மாற்றாமல் எழுதினார்கள். ஒரு சொல்லை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதும், சோதனையில் வந்ததை உள்ளபடியே எழுதுவதும்தான் அறிவியல் என்றால், நம் பள்ளியில் அதற்கு இதைவிட நல்ல ஆய்வகம் இல்லை. அதே சமயத்தில் வாலாட்டிகள் வடக்கேயிருந்து வந்து சேர்ந்து, கரையில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி நடக்கும்.

ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அதிக மழை தரும் மாதங்கள். முதல் நல்ல மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும். சிவந்த பட்டுப்பூச்சிகள் மண்ணின் மேல் ஊரும். அதுவரை எங்கிருந்தன என்று தெரியாத தவளைகள் கத்தும். காய்ந்த குச்சிகளாக நின்ற கிளுவை வேலி சில நாள்களிலேயே தழைத்துவிடும். அதன் மேல் செங்காந்தள் கொடி ஏறிப் பூக்கும். மஞ்சளும் பச்சையுமாக விரியும் இதழ் நாளுக்கு நாள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே, நம் மாநில மலர் இதுதான் என்றும், மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுவது இதைத்தான் என்றும், இதன் கிழங்கு உயிரைக் குடிக்கும் நஞ்சு என்றும் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அறிந்த பிள்ளைதான் காட்டில் பத்திரமாக இருக்கும். மதிலுக்கு உள்ளே வளரும் பிள்ளைக்கு அதை யார் சொல்வார்கள்?

தை மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகியன்று வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வீட்டிலும் பட்டியிலும் காட்டிலும் காப்புக் கட்டுகிறோம். பட்டிப் பொங்கல் வைக்கிறோம். பெண் பிள்ளைகள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்துவரும் பூப்பறிக்கும் நோன்பு இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. பருவத்தோடு சேர்ந்து வெளியே போவதை நம் முன்னோர்கள் நோம்பியாகவே வைத்திருந்தார்கள். இன்று காப்புக்கட்டைச் சந்தையில் விலைக்கு வாங்குகிறோம். பூளைப்பூ எந்தச் செடியில் பூக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் அப்படி விழிக்கவில்லை. மார்கழிப் பனியில் கரையோரத்துப் பூளைச்செடி பூத்து நிற்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நம் குட்டையின் பட்டியலையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். வருகிற தையில் அதைச் செய்வதாக இருந்தோம்.

மாசி, பங்குனியில் நீர் இறங்கும். சேறு வெளியே தெரிந்ததும் பவளக்காலிகள் நீண்ட சிவந்த கால்களோடு அதில் இரை தேடும். புங்கன் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும், புளியம்பழம் உலுக்குவார்கள், வாலாட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், குயில் கூவத் தொடங்கும். அத்தோடு தேர்வும் விடுமுறையும் வந்துவிடும்.

இந்த ஓர் ஆண்டில் எந்த ஒரு நாளையும் தனியே எடுத்துக் காட்டி, இதற்காகத்தான் கதவு திறந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. பல வெள்ளிக்கிழமைகளில் புதிதாக ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அதே இடத்துக்கு மீண்டும் மீண்டும் போனதால்தான், எது மாறியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது. கேளிக்கைப் பூங்காவுக்குப் போகட்டும், மகிழ்ச்சியாக இருக்கட்டும்; அதை நான் தடுக்கவில்லை. அங்கே ஆனியும் ஐப்பசியும் ஒன்றாகவே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளிடம் என்ன மாற்றம் வந்தது என்று கேட்பீர்கள். பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தான். தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்த நாளில், தன் ஊரிலும் பனையில் இதே கூடு உண்டு என்று தெரிந்த தமிழில் சொல்லத் தொடங்கி, கூட்டுக்குள் எத்தனை அறை, குஞ்சு எங்கே இருக்கும் என்று தரையில் குச்சியால் வரைந்து காட்டினான். அன்றைக்கு அவன்தான் மற்றவர்களுக்கு ஆசிரியன். அவன் தமிழில் முதலில் எழுதிய முழு வாக்கியம் அந்தக் குருவியைப் பற்றியது. அவன் வகுப்பாசிரியரிடம் அந்த நோட்டு இன்னும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். இன்னொரு பெண், தன் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் கடையில் செய்வது என்று எண்ணியிருந்தாள். வேலியோரத்து மரத்தின் இலையைக் காய வைத்து இடித்தால் கிடைப்பது அதுதான் என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவின் அம்மாவான அமுச்சியிடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா மறுவாரம் தானே கரைக்கு வந்து, எந்த மாதத்தில் தழை பறிக்க வேண்டும், எப்படி நிழலில் உலர்த்த வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடப் படியேறாத ஒரு மூதாட்டி நம் பள்ளியில் பாடம் நடத்திய நாள் அது. அந்த அரப்பு மரமும் உங்கள் வெட்டுப் பட்டியலில் இருக்கிறது.

இனி அச்சத்துக்கு வருகிறேன். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகளும் அந்த வரிசையில்தான் நடக்கிறாள். அன்று பிள்ளைகள் பார்த்தது சாரை. அதற்கு நஞ்சு கிடையாது. எலியைத் தின்று நம் வெள்ளாமையைக் காக்கும் பாம்பு அது. ஆசிரியர் கையைக் காட்டியதும் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்றார்கள். அது வேலிக்குள் போய்விட்டது. யாரும் ஓடவில்லை, கல் எடுக்கவில்லை. கரையில் பழகியதால் வந்த நிதானம் அது. நல்ல பாம்பும் விரியன்களும் நம் காடுகளில் இருப்பது உண்மை. அவை பள்ளிக்குப் பின்னால் மட்டும் இல்லை. நம் வீட்டுக் கட்டுத்தறியிலும் சோளத்தட்டுப் போரிலும் இருக்கின்றன. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது என்பதும், கடித்தால் கட்டுப்போடாமலும் கீறாமலும் உடனே 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், நஞ்சுமுறி மருந்து அங்கே இருக்கிறது என்பதும் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருப்பது, அவ்விடத்துக்குப் போகாமலே இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு.

பாம்பைவிட நான் அஞ்சுவது தண்ணீரை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நீரில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தியைப் படிக்கிறோம். நம் குட்டையில் இப்போது நீர் நிற்கிறது. பள்ளிக் கதவு பூட்டியிருந்தாலும் சித்திரை வெயிலில் பிள்ளைகள் பெரியவர்கள் இல்லாமல் தாங்களாகவே அங்கே போவார்கள். மண் எடுத்த பக்கம் திடீரென்று ஆழம், கல் பாவிய சரிவு வழுக்கும், வண்டலில் கால் வைத்தால் புதையும் என்று பெரியவர்களோடு ஆண்டு முழுவதும் கரையில் நடந்து கற்ற பிள்ளைக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளைகளின் உயிர்ப் பாதுகாப்பே காரணம் என்றால், அந்தக் காரணமே கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறது.

திறன்பலகையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு அது வந்திருப்பது நல்லது. அதற்கு வாரத்தில் வேறு பாடவேளைகள் இருக்கின்றன. ஆனால் கண்ணைப் பற்றி ஒன்றைக் கவனியுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் 100க்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடந்த மற்றப் பள்ளிகளில் 100க்கு ஏறத்தாழ 40 பேருக்கு வந்தது. நம் வெள்ளிக்கிழமை நடை வாரத்துக்கு ஒரு பாடவேளைதான். அந்த அளவுக்கு அது போதாது. இருக்கிற அந்தக் கொஞ்சத்தையும் எடுத்து மற்றொரு திரைக்குக் கொடுப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். வீட்டில் கைப்பேசி, பள்ளியில் பலகை என்றால், தொலைவில் உள்ளதை அந்தக் கண் எப்போது பார்க்கும்?

சட்டமும் என் பக்கம் இருப்பதாகவே நினைக்கிறேன். செய்து பார்த்தும் தேடிக் கண்டறிந்தும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991இலேயே உத்தரவிட்டது. நம் பள்ளியிலேயே தேசிய பசுமைப் படை என்று பலகை மாட்டியிருக்கிறோம். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று மாநில அரசு 2021இல் அறிவித்தது. அந்த அனுமதி பற்றித் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பவை இவை. இத்தீர்மானத்தை அடுத்த மாதக் கூட்டம் வரை நிறுத்தி வையுங்கள். அக்கூட்டத்துக்கு உறுப்பினர்களை மட்டுமன்றி எல்லாப் பெற்றோரையும் அழைத்து, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் எழுதிய கரைக் குறிப்பேடுகளை அங்கே வைத்து, அவர்களில் சிலரையாவது பேசவிடுங்கள். அதுவரை வேலியிலும் மரங்களிலும் கை வைக்க வேண்டாம். இப்போது ஆவணி, பனையில் கூடுகளுக்குள் குஞ்சுகள் இருக்கின்றன.

கதவைப் பூட்டுவதற்குப் பதிலாக, நடைக்கு எழுத்தில் விதிகளை வகுத்துத் தாருங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கு நீச்சலும் முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும். செருப்போ ஷூவோ இல்லாமல் யாரும் வரக் கூடாது. கரை மேட்டைவிட்டு நீர்ப்பக்கம் இறங்கக் கூடாது. முன்னால் செல்பவர் கையில் ஒரு தடி இருக்க வேண்டும். மின்னல் மழை நேரத்தில் நடை கிடையாது. மாசிக்குப் பிறகு வெயில் ஏறும் மாதங்களில் நடையைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்றிவிடலாம். பிள்ளையை அனுப்ப விரும்பாத பெற்றோர் எழுதிக் கொடுத்தால், அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த நேரத்தில் திறன்பலகை வகுப்பு நடக்கட்டும். இவை எதற்கும் பெரிய செலவில்லை. பெரியவர்கள் தேவைப்படும் வெள்ளிக்கிழமைகளுக்கு நானும் என்னோடு வந்துகொண்டிருந்தவர்களும் பெயர் கொடுக்கிறோம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி முதலுதவி பற்றிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் விளக்கச் சொல்லிக் கேட்டு வரும் பொறுப்பையும் நானே ஏற்கிறேன்.

மதில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கிளுவை வேலிக்கு உட்புறமாக, மரங்களை விட்டுக் கட்டுங்கள்; பின்பக்கக் கதவுக்கு அதில் இடம் வையுங்கள். பேவர் பிளாக்குக்கு ஒதுக்கிய பணத்தைக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குச் செலவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். மழைநீர் இறங்கும் மண்ணை மூடுவதைவிட அது அவசரமான வேலை.

இம்மடலைக் கூட்டக் குறிப்பேட்டில் இணைத்து, உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் அந்தப் பதில் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்